"ரிசல்ட் ஏறுச்சா?" என்று கேட்டவருக்கு

போன வாரம் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பலாம் என்றேன். உறுப்பினர் ஒருவர், வயதானவர், விவசாயி, இரண்டு பேரப்பிள்ளைகள் எங்களிடம்தான் படிக்கிறார்கள். அவர் நேராகக் கேட்டார். "அந்தப் பொண்ணு ஒரு வருசம் வந்துச்சே டீச்சர், ரிசல்ட் ஏறுச்சா?"

ஏறவில்லை. அந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அதற்கு முந்தைய வருடம் போலத்தான் இருந்தது. கூட்டத்தில் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. பதில் நீளமானது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு அரசுப் பள்ளியில் பல வருடங்களாகக் கணக்கு நடத்துகிறேன். 2022 ஜூனிலிருந்து 2023 ஏப்ரல் வரை, ஒரு தன்னார்வ அமைப்பின் மூலமாக, உளவியல் படித்த ஒரு பெண் புதன்கிழமைதோறும் எங்கள் பள்ளிக்கு வந்தார். ஆய்வகத்தை ஒட்டி உடைந்த மேசைகளும் பழைய தேசப்படங்களும் கிடந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தோம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மண்பானை, ஜன்னலுக்கு ஒரு பழைய சேலைத் துணி. அவ்வளவுதான்.

முதல் மாதம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. "தனியாப் போனா பைத்தியம்னு சொல்லுவாங்க மிஸ்" என்றாள் ஒரு எட்டாம் வகுப்புப் பெண். அந்த ஆலோசகர் அதற்காக மேடை போட்டுப் பேசவில்லை. சத்துணவு வரிசையில் தட்டை ஏந்தி நின்று பிள்ளைகளோடு சாப்பிட்டார். விளையாட்டு பீரியடில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மாதம் பெண் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் போனார்கள். தீபாவளிக்குள் "புதன்கிழமை அக்கா" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

பத்தாம் வகுப்பு. நன்றாகக் கணக்குப் போடுகிறவன். தை பிறந்ததிலிருந்து வகுப்பில் தூங்க ஆரம்பித்தான். முதல் நாள் அதட்டினேன். அப்புறம் எழுப்பிக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். நின்றுகொண்டே சுவரில் சாய்ந்து கண் மூடினான். ராத்திரி முழுக்கப் போன் பார்க்கிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு வருடம் என் வகுப்பில் இருந்த பையன். "ஏன் தூங்குற?" என்று குறைந்தது பத்து முறை கேட்டிருப்பேன். தலையைக் குனிந்துகொள்வான்.

அந்த அக்கா அவனிடம் கேட்டது வேறு கேள்வி. "நேத்து ராத்திரி எங்க படுத்திருந்த?"

"நெல்லுக்கிட்ட."

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் சம்பா அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்துப் பதினோரு நாள் ஆகிறது, முறை வரவில்லை. பனியில் ஈரம் ஏறினால் எடுக்க மாட்டார்கள், 17 சதவீதம்தான் கணக்கு. அவனும் அம்மாவும் மாற்றி மாற்றிக் காவல் கிடந்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நடு ராத்திரியில் தார்ப்பாய் பறந்தபோது அதன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவன் என் வகுப்பில் தூங்கிய அந்தப் பையன்தான்.

அதோடு முடியவில்லை. காற்று வேகமாக அடித்தால் அவனுக்குக் கை நடுங்குமாம், மூச்சு முட்டுமாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது அவன் ஆறாம் வகுப்பு. வீட்டுக் கூரை பிய்த்துக்கொண்டு போக, தங்கையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடியிருக்கிறான். நாலு வருடத்துக்கு மேல் அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அந்த அக்கா ஒன்றும் மந்திரம் போடவில்லை. ஆறு புதன்கிழமை பேசினார். காற்றுச் சத்தம் கேட்டதும் உடம்பு ஏன் அப்படிப் பதறுகிறது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுத்தார். அவனுடைய அம்மாவைப் போய்ப் பார்த்தார். தலைமை ஆசிரியரிடம் பேசி, நெல் ஏறும் வரை முதல் பீரியடில் அவன் தூங்கலாம் என்று ஏற்பாடு செய்தார். என்னிடம், "நிக்க வைக்கிறத மட்டும் விட்டுடுங்க மிஸ்" என்றார். விட்டேன். அவன் பத்தில் சுமாராகத்தான் மார்க் வாங்கினான். ஆனால் பள்ளியை விட்டு நிற்கவில்லை. பிளஸ் டூ முடித்து இப்போது ஐடிஐயில் படிக்கிறான். ஐயா, நீங்கள் கேட்ட ரிசல்ட் பட்டியலில் இது எந்தக் கட்டத்தில் வரும்?

"இதையெல்லாம் ஆசிரியரே செய்யலாமே, அதற்குத் தனியாக ஒரு ஆளா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்த காலத்தில் ஒரு பெண் பிள்ளை என்னை நம்பி ஒரு விஷயத்தைச் சொன்னாள். யாரோ ஒரு பையன் கொடுத்த கடிதம். நல்லதுக்குத்தான் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் அவளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. திரும்பி வந்த பிறகு, பள்ளியை முடிக்கிற வரை அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

அந்த அக்காவிடம் ஒருநாள் ஒரு மாணவியைப் பற்றி, என்னதான் சொன்னாள் என்று கேட்டேன். "அது அவ சொன்னது மிஸ், நான் சொல்ல முடியாது" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அந்தப் பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் வெளியே சொல்லியாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவாராம். மற்றதெல்லாம் அந்த அறையோடு சரி. மார்க் போடுகிற, வருகைப் பதிவேடு எடுக்கிற, அப்பா அம்மாவை வரச் சொல்கிற என்னிடம் ஒரு பிள்ளை எப்படி மனசு விட்டுப் பேசும்?

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களை வைத்தும், சில பள்ளிகளில் பயிற்சி கொடுத்த தனி ஆலோசகர்களை வைத்தும் நடத்திப் பார்த்தார்கள். தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் சீண்டித் துன்புறுத்துவது குறைந்தது, பள்ளியே பிடித்த இடமாக மாறியது. ஆசிரியரே செய்த பள்ளிகளில் அந்தப் பலன் இல்லை. அந்த ஆலோசகர்கள் பெரிய உளவியல் பட்டம் பெற்றவர்கள்கூட இல்லை. பள்ளியிலேயே இருந்தார்கள், அதற்கென்றே இருந்தார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். உளவியலாளர் வேனில் பள்ளி பள்ளியாகப் போகும் நடமாடும் ஆலோசனை மையம் நம் மாநிலத்தில் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் ஒரு வேனுக்கு மூன்று நான்கு மாவட்டம் என்றால் ஒரு பள்ளிக்கு மறுபடி எப்போது வரும்? பிள்ளைகள் போன் போட்டுப் பேச 14417 உதவி எண் இருக்கிறது, நல்ல எண், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிப் போட "மாணவர் மனசு" பெட்டியும் இருக்கிறது. எங்கள் பள்ளியில் அது தலைமை ஆசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

நம் டெல்டாவுக்கு ஆலோசகர்கள் புதிதில்லை. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனபோது வந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் நாகப்பட்டினம் கடற்கரையைச் சுனாமி அழித்தபோது வந்தார்கள். உண்மையாக உழைத்தார்கள். பிறகு போய்விட்டார்கள். புயலும் தீயும் இல்லாத சாதாரண வருடத்தில்தான் பிள்ளைகள் ராத்திரியில் நெல்லுக்கும் தகப்பன் குடிக்கும் இடையில் கிடக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை என்று வந்தது. நாற்பது பேர் உட்காரும் என் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர்.

ஆலோசகரால் எல்லாம் ஆகும் என்றும் சொல்லவில்லை. ஒரு மாணவி ராத்திரி தூங்காமல், காதில் யாரோ பேசுவதாகச் சொன்னாள். மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் கோயிலுக்கு வீட்டில் கூட்டிப் போயிருந்தார்கள். அந்த அக்கா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "கோயிலுக்கும் போங்க, டாக்டர்கிட்டயும் போங்க" என்று தானே கூட வந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் காட்டினார். தன்னால் முடியாது என்று தெரிந்து சரியான இடத்துக்கு அனுப்புவதும் அந்த வேலைதான். அதையும் எங்களால் செய்திருக்க முடியாது. எங்களுக்கு அது நோய் என்றே தெரிந்திருக்காது.

2023 ஏப்ரலோடு அந்த அமைப்புக்குப் பணம் நின்றது. ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் புதன்கிழமை மூன்று பிள்ளைகள் அந்த அறை வாசலில் நின்றார்கள். "அக்கா வர மாட்டாங்க" என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு பெண் இறந்த வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர் சங்கம் 500 மாணவர்களுக்கு ஒருவர் என்கிறது. நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. ஐந்து பள்ளிக்கு ஒருவர், ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள், வருடா வருடம் அதே ஆள். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து தள்ளி ஒரு அறை. இதைத்தான் தீர்மானத்தில் எழுதியிருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மறுபடி கூட்டம். ஐயா, நீங்கள் அவசியம் வர வேண்டும். கேட்க இன்னும் கேள்வி இருந்தால் கேளுங்கள். மற்ற பெற்றோர்களும் வயல் வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். முப்பது கையெழுத்தாவது இருந்தால்தான் மேலே அனுப்பும்போது படித்துப் பார்ப்பார்கள்.