எண்ட்வாக்கர் விற்பனை நின்றது ஏன்?

தம்பி, பைனல் பேண்டஸி 14 என்ற இணையவழி விளையாட்டின் கூடுதல் பாகமான எண்ட்வாக்கரைப் பற்றி, ‘எண்ட்வாக்கர் படுதோல்வி, அதனால்தான் விற்பனையையே நிறுத்தினார்கள்’ என்று நீங்கள் எழுதியது தவறு. 2021 டிசம்பரில் அந்த விளையாட்டைப் புதியவர்களுக்கு விற்பதை நிறுத்தியது உண்மைதான். ஆனால் காரணம் நேர்மாறானது: ஆட்கள் அளவுக்கு மீறி வந்துவிட்டார்கள். சிப் தட்டுப்பாட்டால் சர்வர்களைக் கூட்டவும் வழியில்லை. விளையாட்டுக்குள் நுழையவே மணிக்கணக்கில் வரிசை, நடுவில் 2002 என்ற பிழை வந்தால் சில வேளை வரிசையில் இடமும் போய்விடும். ஆட்டக்காரர்கள் கொதித்தது பெரும்பாலும் அதற்குத்தான். கதையை விமர்சகர்களும் மனதாரப் பாராட்டினார்கள். சந்தாதாரர்களுக்கு முதலில் 7 நாள், அப்புறம் 14 நாள் விளையாட்டு நேரம் இலவசமாகக் கொடுத்தார்கள். 2022 ஜனவரி 25 அன்று விற்பனை மீண்டும் தொடங்கியது.

வெள்ளவத்தையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கதையை முடித்த இரவு, யாருக்கும் பேச்சே வரவில்லை. அதைப் போய்ப் படுதோல்வி என்பதா? அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.