குழந்தையின் கை எந்த இடத்தில் நிற்கிறது?

"குழந்தைகளுக்கான எளிய கைவினை" என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை, குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை நம்பி எழுதப்பட்டவை. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் காகித வேலையும் அட்டை வேலையும் சொல்லித்தருகிறவள் நான். ஒரு செய்முறை குளறுபடியாக இருந்தால் அந்தப் பழி எழுதியவர் தலையில் விழுவதில்லை, பிள்ளையின் தலையில் விழுகிறது. "எனக்குக் கைவேலை வராது" என்று எட்டு வயதிலேயே தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொள்கிறது. பெரியவரோ, புரியாத படி வரும்போதெல்லாம் "இங்கே கொடு, நான் மடித்துத் தருகிறேன்" என்று கை நீட்டிவிடுகிறார். பொருள் அழகாக முடிந்துவிடும். செய்முறையில் இருந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது.

எதையும் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று மதிப்பிடுவதற்கு ஐஎஸ்ஓ 9241-11 என்றொரு பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. நினைத்ததைச் செய்து முடிக்க முடிகிறதா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் போகிறது, செய்தவருக்கு நிறைவு கிடைக்கிறதா என்று மூன்றைப் பார்க்கச் சொல்கிறது. இம்மூன்றையும்விட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. யார் பயன்படுத்துகிறார், எதற்காக, எந்தச் சூழலில் என்பதைச் சொல்லாமல் ஒரு பொருளை "எளிது" என்று சொல்லவே முடியாது என்கிறது அந்தத் தரநிலை. நம் விஷயத்தில் பயன்படுத்துபவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளை. சூழல், தரையில் பரப்பிய காகிதமும் பசை ஒட்டிய விரல்களும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்து எழுதிய செய்முறைகளை மிக அரிதாகவே பார்க்கிறேன்.

ஒரு சிறுமி காகிதப் பறவை செய்துகொண்டிருந்தாள். "படத்தில் உள்ளபடி மடிக்கவும்" என்றது செய்முறை. படத்தில் மடித்து முடித்த காகிதம் மட்டும் இருந்தது. எந்த முனையைப் பிடிப்பது, எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பது இல்லை. இரு பக்கமும் ஒரே வெள்ளை என்பதால் எது முன், எது பின் என்றும் தெரியவில்லை. கையில் இருந்த காகிதத்தோடு படத்தைப் பொருத்திப் பார்க்க டேப்லெட்டைத் திருப்பினாள். திரை தானாகச் சுழன்று படத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தது. மறுபடி திருப்பினாள், மறுபடியும் அதே. பிறகு டேப்லெட்டை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அந்தச் சாய்ந்த தலையை, எழுதியவர் பக்கத்தில் இருந்து ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பக்கத்திற்குப் பக்கம் நிறம் மாறும் காகிதத்தில் செய்து, முனையில் ஒரு புள்ளி வைத்து, ஓர் அம்புக்குறியும் போட்டுப் படம் எடுத்திருப்பார்.

இத்தனைக்கும் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு எப்போதோ கிடைத்துவிட்டது. ஜப்பானிய காகித மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா, 1950-களில் கோடுகளையும் அம்புகளையும் கொண்ட ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். சிறுகோடுகளின் வரிசை வந்தால் உள்ளே மடி, கோடும் புள்ளியும் கலந்து வந்தால் வெளியே மடி. 1960-களின் தொடக்கத்தில் காகித மடிப்பு நூல்களை எழுதிய சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் அதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார்கள். இன்று ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் ஜப்பானியப் படவிளக்கங்களைப் பார்த்து மடிக்கிறார்கள். அந்த முறையின் உயர்வு எங்கே இருக்கிறது என்றால், ஒவ்வொரு படமும் இப்போது கையில் என்ன இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. இணையச் செய்முறைகள் பல, முதல் படத்தில் வெறும் காகிதத்தையும் கடைசியில் முடிந்த பொருளையும் ஒளிர ஒளிரக் காட்டிவிட்டு, நடுவில் பிள்ளையைக் கைவிட்டுவிடுகின்றன.

அச்செடுத்து வெட்டும் மாதிரித்தாள்களுக்கும் ஒரு சொல். சிவப்புக் கோட்டில் வெட்டுங்கள், பச்சைக் கோட்டில் மடியுங்கள் என்று போடுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் வரும். மடிக்க வேண்டிய இடத்தைப் பிள்ளை வெட்டிவிடும். அது பிள்ளையின் கவனக்குறைவு ஆகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் கொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொடர்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு என்று வேறுபடுத்தினாலே சிக்கல் தீர்ந்துவிடும். இன்னொன்று, தாளின் அளவுக்கேற்பச் சுருக்கி அச்சிடும் வசதி. அமெரிக்காவில் புழங்கும் 216 x 279 மில்லிமீட்டர் லெட்டர் தாளுக்கு வரைந்ததை 210 x 297 மில்லிமீட்டர் ஏ4 தாளில் அச்சிட்டால், அகலத்துக்கு ஏற்பப் படம் சற்றுச் சுருங்கும். ஒரு டப்பாவின் மேல் சுற்ற வேண்டிய துண்டு, சுற்றி வரும்போது எட்டாமல் நிற்கும். தாளின் ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டு "அளவுகோலால் அளந்து பார்த்துவிட்டு வெட்டு" என்று எழுதினால் முதலிலேயே தெரிந்துவிடும். தையல் மாதிரித்தாள்களில் இப்படி ஒரு சோதனைக் கட்டம் இருப்பது வழக்கம். குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இல்லை?

எல்லாம் காணொளியாக வந்துவிட்டதே, பார்த்துச் செய்யலாமே என்கிறார்கள். அசைவைக் காட்டுவதில் காணொளிக்கு நிகர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையெல்லாம் பசையோடு இருக்கும் பிள்ளை அதை எப்படி நிறுத்தும்? எதிர்ப்பக்கத்தில் கேமராவை வைத்துப் படம் பிடித்தால் இடம் வலம் மாறித் தெரியும். கடினமான மடிப்பு வரும்போது பார்த்து வேகத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறார்கள், இசையையும் ஏற்றுகிறார்கள். செய்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்த காட்சி, ஒவ்வொரு படியின் முடிவிலும் அசையாமல் நிற்கும் ஒரு படம், கூடவே நிலைப்படங்களாக ஒரு பக்கம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

பாதுகாப்பு எச்சரிக்கை பொருள் பட்டியலிலேயே வர வேண்டும், ஏழாவது படியில் வரக்கூடாது. பசைக் குச்சியை உருக்கித் தரும் குளூ கன்களில், குறைந்த சூட்டில் இயங்குவதிலும் பசை 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். பசை உலரக் காத்திருக்க வேண்டுமானால் அதையும் தொடங்கும்போதே சொல்ல வேண்டும்.

மிக அரிதாகக் கண்ணில் படுவது, தவறினால் என்ன செய்வது என்ற வரி. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் கணினிக் கையேடுகளை ஆராய்ந்த ஜான் கேரல், கற்பவர்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை, நேரே செய்யத் தொடங்கி இடையில் சிக்கிக்கொள்கிறார்கள் என்று கண்டார். ஆகவே கையேட்டைச் சுருக்கி, சிக்கலில் இருந்து வெளியே வரும் வழியை அதில் எழுதச் சொன்னார். பிள்ளைகள் செய்வதும் இதைத்தான். "இப்போது உன் காகிதத்தில் இரண்டு கூர்முனைகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதா? மூன்றாம் படிக்குத் திரும்பிப் போ." இப்படி ஒரு வரி போதும், பிள்ளை அழாமல் தானே திரும்பிப் போகும்.

செய்முறையைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று, பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு, இருவர் இருவராக உட்கார வையுங்கள். தனியாக இருக்கும் பிள்ளையிடம் மனத்தில் ஓடுவதைச் சொல்லச் சொன்னால் வாயைத் திறக்காது. துணை இருந்தால் "இது இல்லை, அந்தப் பக்கம்" என்று தானாகப் பேசும். நீங்கள் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு, கை எந்தப் படியில் நிற்கிறது, கண் எப்போது உங்களைத் தேடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பிள்ளையாவது அவர்களில் இருக்கட்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் வெட்ட வேண்டிய கோட்டை அதன் அலகே மறைத்துவிடும்.

முடிந்த பிறகு "பிடித்திருந்ததா?" என்று கேட்பதை நம்பாதீர்கள். பிரிட்டனில், பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தும் விதத்தை ஆராயும் ஜேனட் ரீடும் அவருடைய சகாக்களும் பிள்ளைகளின் கருத்தை அறிய, சுளித்த முகத்தில் தொடங்கிப் பெரிய சிரிப்பில் முடியும் முகங்களின் வரிசை ஒன்றை உருவாக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆகப் பெரிய சிரிப்பையே தொட்டுவிடுவதைக் கண்டார்கள். "மறுபடியும் செய்வாயா?" என்பதையும் அவர்கள் ஒரு தனிக் கேள்வியாக வைத்திருந்தார்கள். எனக்கும் அந்தக் கேள்விதான் உதவுகிறது. சில நாள் கழித்து அதே பிள்ளை தானாகக் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தால், எந்தப் படிக்காக மறுபடி திரையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அந்தப் படியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.