யூஎக்ஸ் கத்துக்கணுமா? விபத்து அறிக்கை படிங்க

"அண்ணா, யூஎக்ஸ் டிசைன் கத்துக்கணும், என்ன புக் படிக்கலாம்?" என்று இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கிறார்கள். யூஎக்ஸ் என்றால் யூசர் எக்ஸ்பீரியன்ஸ்: ஒரு ஆப்பையோ கருவியையோ ஆட்கள் குழம்பாமல் பயன்படுத்தும்படி வடிவமைப்பது. இப்படிக் கேட்பவர்களுக்கு ஊரில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. ஒன்று, பத்துப் புத்தகப் பட்டியல். வாங்கி அடுக்குவார்கள், முதல் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் புக்மார்க் அப்படியே காய்ந்து கிடக்கும். இன்னொன்று சீனியர்கள் சொல்வது: "படிச்சு என்ன ஆகப்போகுது, ஸ்கிரீன் வரையிற ஃபிக்மா சாஃப்ட்வேரைத் திற, நல்ல ஆப்பா பாத்து நாலு ஸ்கிரீனைப் போட்டுப் பழகு, தானா வரும்."

எனக்கு இரண்டிலுமே உடன்பாடு கிடையாது. ஸ்கிரீன் போட்டுப் பழகினால் கை வரும், சரி. இந்த பட்டன் ஏன் இங்கே, இந்த மெசேஜ் ஏன் இப்போது என்று டெவலப்பர் கேட்டால் "பாக்க நல்லா இருக்கு" என்பதைத் தாண்டி வாயில் ஒன்றும் வராது. காரணம் சொல்லும் பழக்கம் எனக்குப் படிப்பில்தான் வந்தது. ஆனால் யூஎக்ஸ் என்று அட்டையில் போட்ட புத்தகங்களில் வந்ததைவிட வேறு இடத்தில் வந்ததுதான் அதிகம்.

அதற்கு முன் ஒரு புலம்பல். இப்போது நிறையப் பேர் படிப்பது மூலத்தை இல்லை, சாரத்தைப் பிழிந்த சக்கையை. பத்து ஸ்லைடு ஓடும் இன்ஸ்டா போஸ்ட். அதில் "மெனுவில் ஏழு ஐட்டத்துக்கு மேல் வைக்காதே, மில்லர் விதி" என்று இருக்கும். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய கட்டுரை, கேட்டதையும் பார்த்ததையும் மனதில் ஒரே மூச்சில் எவ்வளவு பிடித்துவைக்க முடியும் என்பதைப் பற்றியது. மெனுவோ கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லையே!

"அஞ்சு யூசரை வச்சு டெஸ்ட் பண்ணா போதும்" என்பதும் அதே ரகம். யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியது அது. ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்றார், உண்மைதான். ஆனால் கையில் 15 பேர் இருந்தால் ஐந்தைந்து பேராக மூன்று சுற்று வை, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் திருத்து என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்தப் பாதி போஸ்ட்டில் வருவதே இல்லை. ஒருமுறை ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிபிடி போட்டு, "ரிசர்ச் முடிஞ்சுது" என்று மூடிவிடுகிற டீம்கள் எத்தனை!

சரி, எதைத்தான் படிப்பது? அடிப்படைக்கு உளவியல் பேராசிரியர் டான் நார்மன் 1988-ல் எழுதிய புத்தகம் ஒன்று போதும். தள்ளுவதா இழுப்பதா என்று குழப்பும் கதவுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்களே, அதே புத்தகம்தான். 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்ற பெயரில் 2013-ல் வந்த திருத்திய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அதை முடித்ததும் இன்னொரு யூஎக்ஸ் புத்தகத்துக்குத் தாவாமல் விசாரணை அறிக்கைகள் பக்கம் போகச் சொல்வேன். விமானம், அணு உலை, ரயில், எதுவானாலும் சரி. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துக்குப் பிறகு, ஆபரேட்டர்கள் ஏன் தப்பு செய்தார்கள் என்று பார்க்க அழைக்கப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர். ஆட்களைக் குற்றம் சொல்ல முடியாது, கன்ட்ரோல் ரூமின் அமைப்பே தப்பை வரவழைத்தது என்பதுதான் அங்கே அவர்களுக்குத் தெரிய வந்தது.

அந்த விபத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1979 மார்ச் 28, விடியற்காலை நாலு மணி. உலையில் அழுத்தம் ஏறுகிறது, அதைத் தணிக்க ஒரு வால்வு தானாகத் திறக்கிறது. அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் பேனலில் அந்த வால்வுக்கென்று ஒரு விளக்கு உண்டு. அது அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை இல்லை, வால்வுக்குப் போன மின் உத்தரவை. "மூடு" என்று உத்தரவு போனதும் விளக்கு அணைந்துவிடும். உள்ளே வால்வு நிஜமாகவே மூடியதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் அந்த வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் மையப்பகுதி பாதியளவு உருகியது.

இன்னும் இருக்கிறது. ஆரம்ப நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாக அடிக்கின்றன. எது முக்கியம் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. அலாரங்களை அச்சடித்த பிரின்டர் ஒரு கட்டத்தில் நிகழ்வுகளுக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடியது. வேறொரு வால்வு மூடிக் கிடப்பதைச் சொல்ல வேண்டிய விளக்கை மெயின்டனன்ஸ் அட்டை ஒன்று மறைத்துக்கொண்டு தொங்கியது. நோட்டிஃபிகேஷன் டிசைனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கோர்ஸிலும் பார்த்ததில்லை.

"இதெல்லாம் அணு உலை, நாங்க ஆப்தானே பண்றோம்" என்பீர்கள். ஒரு ஜூனியர் பெண் பேமென்ட் ஸ்கிரீன் ஒன்றைக் காட்டினார். பச்சை வட்டம், வெள்ளை டிக், "பணம் அனுப்பப்பட்டது". குறை சொல்ல முடியாத அழகு.

"இந்த டிக் எப்பம்மா வரும்?"

"யூசர் பின் நம்பர் போட்டதும் வந்துடும்ணா."

"பேங்க் பதில் சொன்ன பிறகா, அதுக்கு முன்னாடியா?"

அவர் டெவலப்பரைப் பார்த்தார். டெவலப்பர் லேப்டாப்பைப் பார்த்தார். ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததுமே டிக் விழும்படி இருந்தது. அதே விளக்கு! கடைக்காரர் "இன்னும் வரலையே" என்கிறார், வாடிக்கையாளர் போனைத் திருப்பிக் காட்டி "இதோ பாருங்க, போயிடுச்சு" என்கிறார். இந்தச் சண்டையைப் பார்க்காத மளிகைக்கடை ஏது? கடைசியில் மூன்று நிலைகளாகப் பிரித்தோம்: அனுப்பிக்கொண்டிருக்கிறோம், பேங்க் பதிலுக்குக் காத்திருக்கிறோம், போய்ச் சேர்ந்தது. நடுவில் உள்ளதுக்கு "இப்போ திரும்ப அனுப்பாதீங்க" என்று ஒரு வரியும் சேர்த்தார் அந்தப் பெண். அந்த வரி அவருடைய யோசனை.

இன்னொரு சம்பவம், சுருக்கமாக. 1992 ஜனவரி 20, பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ஏ320 விமானம் ஒன்று மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். விமானிகள் 3.3 டிகிரி சரிவில் இறங்குவதாக நினைத்து 33 என்று வைத்திருக்கலாம், ஆனால் விமானம் அதை நிமிடத்துக்கு 3300 அடி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது விசாரணையில் வலுவாகப் பேசப்பட்ட சாத்தியம். இரண்டு மோட், ஒரே கட்டம், திரையில் அதே இரண்டு இலக்கம். இதைப் படித்தபின் அலகு போடாமல் ஒரு எண்ணை ஸ்கிரீனில் வைக்க எனக்குக் கை வருவதில்லை.

படிக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். முழு அறிக்கையும் வேண்டாம், தூக்கம் வரும். எந்த நிமிடம் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லும் பகுதியை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் நேராக அந்த ஆள் கண்ணுக்கு என்ன தெரிந்தது, உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தாளின் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதுங்கள். இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கேதான் டிசைன் கோட்டை விட்டிருக்கும். பிறகு உங்கள் ஆப்பின் ஒரு ஸ்கிரீனுக்கு அதே இரண்டு பத்தி. ஆங்கிலம் பயமா? அறிக்கை ஆங்கிலம் நேரடியானது, டிசைன் பிளாக் ஆங்கிலத்தைவிட எவ்வளவோ தேவலாம்.

ஆப்பில் யூசர் நிரப்பும் ஃபார்ம்களை டிசைன் செய்கிறவர்களுக்கு, பிரிட்டிஷ் அரசு தன் கவ்.யூகே இணையதளத்துக்காக வைத்திருக்கும் வழிகாட்டியான கவ்.யூகே டிசைன் சிஸ்டம். இலவசம். பிறந்த தேதிக்குக் காலண்டர் வேண்டாம், நாள், மாதம், வருடம் என மூன்று கட்டம் போடு, கர்சரைத் தானாக அடுத்த கட்டத்துக்குத் தள்ளாதே என்று சொல்வதோடு காரணமும் சொல்வார்கள். பெயருக்கு முடிந்தவரை ஒரே கட்டம் போதும் என்கிறார்கள். லண்டனில் உட்கார்ந்து எழுதியது, நமக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. இனிஷியலோடு வாழ்கிற நம் ஊரில் லாஸ்ட் நேம் என்று கேட்டால் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், ஒருவர் தன் பெயரையே இரண்டு தடவை போடுகிறார், ஒருவர் வெறும் புள்ளி வைக்கிறார். பிறகு டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். சென்னையில், சென்னைக்காரர்களுக்காகச் செய்யும் ஆப்களிலேயே இந்தக் கட்டம் கட்டாயம் என்று சிவப்பில் எரிகிறது. அப்படி ஒரு டீமில் நீங்கள் இருந்தால் அந்த ஃபார்மை இன்று ராத்திரி உங்கள் அப்பாவிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல், அவர் என்ன எழுதுகிறார் என்று மட்டும் பாருங்கள்.