ஆம்னி யாருக்கு?

தீபாவளி நெருங்கினால் போதும், டைம்லைன் முழுக்க ஆம்னி பஸ் கட்டணத்தைத் திட்டும் பதிவுகள்தான். திட்டுங்கள், தப்பே இல்லை. ஆனால் கட்டணத்தை விடப் பெரிய கிண்டல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

'ஆம்னிபஸ்' லத்தீன் சொல். 'எல்லோருக்கும்' என்று பொருள். கடைசியில் ஒட்டியிருக்கும் 'இபஸ்' நம் நான்காம் வேற்றுமை உருபு 'கு' செய்கிற வேலையைச் செய்கிறது. ஆங்கிலேயர்கள் முன்பாதியை வெட்டிப்போட்டு 'பஸ்' ஆக்கிவிட்டார்கள். 'எல்லோருக்கும்' என்பதில் எல்லோரும் போய் 'க்கும்' மட்டும் மிஞ்சின கதை. நாம் வெயிலில் கால்கடுக்க நிற்பது ஒரு வேற்றுமை உருபுக்காக!

இந்தப் பெயர் வண்டியில் ஏறியது பிரான்சின் நாந்த் நகரத்தில், 1826 வாக்கில். போத்ரி என்பவர் மாவு மில் வைத்திருந்தார். மில்லில் மிஞ்சும் வெந்நீரை வீணாக்குவானேன் என்று பக்கத்திலேயே குளியல் நிலையமும் திறந்தார். ஊருக்கு ஒதுக்குப்புறம், எவன் வருவான்? குதிரை வண்டி விட்டார். ஜனம் அலைமோதி ஏறியது. குளிக்கத்தான் ஆளில்லை, பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டார்கள். தொழில் எதில் இருக்கிறது என்று மனிதருக்குப் புரிந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் ஓம்னேஸ் என்ற தொப்பிக்கடைக்காரர் 'ஓம்னேஸ் ஓம்னிபுஸ்', அதாவது 'எல்லோருக்கும் ஓம்னேஸ்' என்று பலகை மாட்டியிருந்தாராம், பெயர் அங்கிருந்து வந்ததாம். கதை இவ்வளவு கச்சிதமாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம். எப்படியோ, இந்த வண்டி 1828இல் பாரிஸுக்குப் போனது, அடுத்த வருஷமே லண்டனுக்கு.

பாரிஸில் 1662லேயே கணித மேதை பாஸ்கல் இப்படி ஒரு வண்டி விட்டுப் பார்த்தார். குறித்த தடம், ஒரே கட்டணம். ஆனால் சிப்பாய்களும் ஏவலாட்களும் ஏறக் கூடாது என்று தடை. பிறகு படுத்துவிட்டது.

இப்போது நம்மூருக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரைவர் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி செய்த எந்த மோட்டார் வண்டியும் ஆம்னிபஸ்தான். டவுன் பஸ்ஸும் அதில் அடக்கம். அப்படியிருக்க, நம் வாயில் அந்தப் பெயர் தனியார் சொகுசு பஸ்ஸுக்கு மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது? அந்த வண்டிகள் ஓடுவது காண்ட்ராக்ட் கேரியேஜ் பர்மிட்டில், அதாவது முன்கூட்டியே பேசிக்கொண்டவர்களை மட்டும் ஏற்றிப்போகும் அனுமதியில். வழியில் கைகாட்டுகிறவரை ஏற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. போத்ரிக்குப் பிழைப்பே வழியில் ஏறி இறங்கினவர்களால்தான்!

என் கணக்கில் அசல் ஆம்னி நம் டவுன் பஸ்தான். பூக்கூடை, காலேஜ் பை, மீன் வாசம், "படியில நிக்காத, உள்ள போ" என்று கண்டக்டர் குரல். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் இல்லை. 'ஓசி' என்று முகம் சுளிப்பவர்கள் அந்த லத்தீன் சொல்லை ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

கமெண்டில் "பேருந்து என்று எழுதலாமே" என்று வரப்போகிறவர்களுக்கு: நல்ல சொல், நானும் எழுதுவேன். ஆனால் பெரிய உந்து என்கிறபோது வண்டியின் பருமன்தான் தெரிகிறது, யாருக்கு என்பது காணோம். இந்தப் பதிவில் எனக்கு அந்தக் 'கு' வேண்டும்.