வெள்ளம் வடிந்து நான்காம் மாதம்

வெள்ளத்தில் மூழ்கிய பண்ணைகளுக்காக நிதி திரட்டும் அறிவிப்புகள் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றைப் பகிர்வோரையும் பணம் அனுப்புவோரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நிதிக்குக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதில் நாங்கள் செய்த தவறு, எவரும் கையாடல் செய்யாமல், எல்லோரும் நல்ல எண்ணத்தோடு உழைத்தபோதே நிகழ்ந்த தவறு என்பதால்தான் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

வந்த பணத்தில் பெரும்பகுதி முதல் பத்து நாட்களுக்குள் வந்துவிட்டது. கையில் பணத்தை வைத்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன பேசுமோ என்ற பயத்தில், இருபதாம் நாளுக்குள் அத்தனையையும் பிரித்துக் கொடுத்து முடித்தோம். ஆளுக்குச் சமமாகக் கொடுத்தோம். சமமாகக் கொடுத்தால் கேள்வி வராது என்பது எங்கள் கணக்கு. பணத்தோடு ஆளுக்கொரு பை விதையும் கொடுத்தோம். அன்று விதைப் பையை வாங்கிக்கொண்ட ஒருவர், "விதை கொடுத்திருக்கிறீர்கள், நன்றி; இதைப் போடுவதற்கு நிலம் எங்கே இருக்கிறது என்று வந்து பார்க்கிறீர்களா?" என்று மிகவும் பணிவாகக் கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவருடைய வயலில் வரப்பே தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு ஆற்று மணல் நிரவிக் கிடந்தது.

மணல் என்பது எவ்வளவு பெரிய செலவு என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. இரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட படிவு என்றால் உழும்போதே மண்ணோடு கலந்துவிடலாம். அதற்கு மேல் போனால் பரப்பி ஆழ உழ வேண்டும். எட்டு அங்குலத்தைத் தாண்டினால் அள்ளி அகற்றுவது கட்டுப்படியாகுமா என்றே யோசிக்க வேண்டியிருக்கும். ஓர் ஏக்கரில் ஆறு அங்குல மணல் படிந்தாலே அது 21,780 கன அடி. 300 கன அடி ஏற்றும் டிப்பர் லாரி எழுபது நடைக்கு மேல் அடித்தால்தான் அந்த ஒரு ஏக்கர் வெளியே தெரியும். அள்ளிய மணலைக் கொட்டுவதற்கு இடம் தேட வேண்டும் என்பது தனிக்கதை. எங்கள் சமப் பங்கு அந்த மனிதருக்கு நான்கு நடைக்குக்கூடப் போதவில்லை. அதே பங்கை வாங்கிய இன்னொருவரின் நிலத்தில் மெல்லிய வண்டல் மட்டுமே படிந்திருந்தது. அது அடுத்த போகத்துக்கு நன்மையே செய்திருக்கும்.

மணல் கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் ஒன்றும் உண்டு. நீர் தேங்கிய மண்ணில் ஓரிரு நாட்களுக்குள் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. வேர் மூச்சுத் திணறுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) வாயுவாகவும் கரைந்தும் வெளியேறிவிடுகிறது. பயிரின் வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுக்கும் பூஞ்சைகளும், நிலம் நீண்ட நாள் நீரில் கிடந்து பயிரில்லாமல் போகும்போது குறைந்துவிடுகின்றன. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி, மிசௌரி ஆறுகளில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, அடுத்த ஆண்டு விதைத்த மக்காச்சோளம் பல இடங்களில் ஊதா நிறம் ஏறிக் குன்றி நின்றது. மண் பரிசோதனையில் மணிச்சத்து போதுமான அளவு இருந்தும், பயிரால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் வெள்ளம் வடிந்த நிலத்தை வெறுமனே போட்டு வைக்காமல், விற்பனைக்கு உதவாவிட்டாலும் நிலத்தை மூடிக் காப்பதற்கென ஏதாவது ஒரு மூடுபயிரை விதைத்து வைக்கச் சொல்கிறார்கள். வருமானம் தராத ஒரு பயிருக்கு விதையும் உழவுக் கூலியும் யார் கொடுப்பார்கள்? வங்கி கொடுக்காது. ஊர் திரட்டும் நிதி கொடுக்கலாம். ஆனால் அந்தச் செலவு வருகிற நேரத்தில் அந்த நிதி உயிரோடு இருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே பணம் தேவைப்படும் வேலைகள் இல்லை என்று சொல்லவில்லை. நீரில் மூழ்கிய மோட்டாரை உடனே கழற்றி உலர்த்தினால் பிழைக்கும். விட்டுவிட்டால் உள்ளிருக்கும் கம்பிச் சுருளை (காயில்) புதிதாகக் கட்ட வேண்டியதுதான். டிராக்டர் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சாவியைத் திருகினால், உள்ளே புகுந்த நீர் இன்ஜினையே உடைத்துவிடக்கூடும். கால்நடைகளுக்கான தீவனம் இன்னும் அவசரம். நனைந்த வைக்கோல் பூஞ்சணம் பிடிப்பதோடு நிற்பதில்லை; கட்டுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறி, சில நேரங்களில் தானாகத் தீப்பிடித்தும் விடும். வைக்கோல் போரில் கையை விட்டுப் பார்த்து, சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்ட ஒரு பெண்மணியை நேரில் பார்த்திருக்கிறேன். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வெள்ளம் வந்தபோது வேறு மாநில விவசாயிகள் லாரி லாரியாக வைக்கோல் கட்டுகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். பொருளாகக் கொடுக்கும் உதவியில் எனக்கு முழு நம்பிக்கை உள்ள ஒன்று இதுதான். எங்களுக்கு வந்து குவிந்த பழைய துணி மூட்டைகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

ஆகவே என் கருத்து இது: திரளும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் மாதத்தில் செலவழிக்கக் கூடாது. எஞ்சியதை நிலம் சீரமைக்கவும், அடுத்த விதைப்புக்கும், அந்த விதைப்பும் பொய்த்துப் போகிறவர்களுக்கும் என்று ஒதுக்கி வைக்க வேண்டும். அதிலும் ஒரு பகுதியை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால் பணம் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'வெர்மான்ட் பண்ணை நிதி' அப்படித்தான் நடக்கிறது. அவ்வாண்டு தீவிபத்தில் கொட்டகையை இழந்த ஒரு காய்கறிப் பண்ணைக்கு மக்கள் கொடுத்த உதவியிலிருந்து அந்த எண்ணம் பிறந்தது. ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் வந்தபோது பல பண்ணைகளுக்கு அது கைகொடுத்தது. எல்லாவற்றையும் கடனாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே கழுத்தளவு கடனில் இருப்பவருக்கு வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான்.

பணத்தைப் பிடித்து வைத்தால் சந்தேகம் வரும் என்ற எதிர்ப்பு நியாயமானது. நாங்களே அதற்கு அஞ்சித்தான் ஓடினோம். நிதி கேட்கும் முதல் அறிவிப்பிலேயே எந்த மாதத்தில் எதற்குச் செலவாகும் என்று எழுதிவிட்டு, மாதந்தோறும் வங்கிக் கணக்கு விவரத்தை அப்படியே வெளியிட்டு, உதவி பெறும் குடும்பங்களுடன் எந்த உறவும் இல்லாத இருவரின் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி செய்துவிட்டால், அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். கொடுப்பவர்கள் நாம் நினைப்பதை விடப் பொறுமைசாலிகள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயனாளிப் பட்டியலுக்கு நாங்கள் நில ஆவணம் கேட்டோம். சரிபார்ப்பது எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அதனால் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்களின் பங்கு நிலத்தின் சொந்தக்காரர்களுக்குப் போனது. பயிரும் உழைப்பும் யாருடையதோ அவர் பட்டியலுக்கு வெளியே நின்றார். களையெடுக்கவும் அறுக்கவும் போகிறவர்களுக்கு ஒரு போகம் முழுவதும் வேலை இல்லாமல் போனது எங்கள் பேச்சிலேயே வரவில்லை. விதைத்தது யார், எதை இழந்தார் என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் மூன்று பேரிடம் கேட்டிருந்தால் ஒரே மாலையில் தெரிந்திருக்கும்.

இப்போது நிதி திரட்டும் இளைஞர்களில் ஒருவருக்கு நேற்று செய்தி அனுப்பி, நான்காம் மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதை இன்னும் யோசிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, வாருங்கள்" என்று பதில் வந்தது. பழைய கணக்கு நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.