வளையத்தில் தொங்கினால் வெள்ளியா?

நேற்று முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பதிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எது என்று உங்களுக்கே தெரியும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வளையப் பிரிவில் வெள்ளி வாங்கிய வியட்நாம் ஜிம்னாஸ்ட் நுயென் வான் கான் ஃபோங் வளையத்தில் இரண்டு கையையும் விரித்து நிற்கிற படம். மேலே ஒரு வரி: "ரெண்டு வளையத்தைப் பிடிச்சுத் தொங்கினா ஆசிய வெள்ளியாம், ஒலிம்பிக்ல ஆளையே காணோம்." கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு முகங்கள். அதில் எனக்கு நன்றாகப் பழக்கமான பெயர்களும் இருந்தன. அதுதான் அதிகம் வலித்தது.

சரி, முதலில் அந்தத் 'தொங்கு'வதைப் பார்ப்போம். வளையங்கள் தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரத்தில் இருக்கும். எட்டிப் பிடிக்க முடியாது என்பதால் பயிற்சியாளர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார். விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார், ஆனால் அவர் கை முழுசாகக் கீழே இறங்காது. அந்த நொடியிலிருந்து பையன் தனி ஆள். கையை விரித்துச் சிலுவை மாதிரி நிற்கும்போது உடம்பின் மொத்த எடையும் தோளிலும் முழங்கையிலும் இருக்கிறது. அப்படியே இரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு விநாடி முழுசாக நிற்கவில்லை என்றால் மதிப்பெண் கழிவு. நிற்கவே இல்லை என்றால் அந்த அசைவே கணக்கில் சேராது. தோள் கொஞ்சம் மேலே இருந்தால் 0.1, இன்னும் கொஞ்சம் தப்பினால் 0.3. மேலே கம்பி ஊசலாடினால் அதற்கும் கழிவு. கடைசியில் சுழன்று குதித்து இறங்கும்போது விழுந்தால் முழுசாக ஒரு புள்ளி போச்சு. இதைத்தான் தொங்குவது என்கிறோம். எழுதினவர் ஒரு தடவை பூங்காவில் இருக்கும் கம்பியில் கையை மடக்காமல் அரை நிமிடம் தொங்கிப் பார்க்கட்டும்.

வளையம், வால்ட், தரைப்பயிற்சி என ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு பிரிவு. அதில் ஒரே பிரிவில் வாழ்க்கையைக் கொடுத்தவன் அரைகுறை ஜிம்னாஸ்ட் இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு தடவை சொன்னால் யாருக்கும் கேட்பதில்லை.

"உண்மையான ஜிம்னாஸ்ட் என்றால் ஆறு பிரிவிலும் ஆட வேண்டும், ஜப்பானின் கோஹே உச்சிமுரா மாதிரி" என்று ஒருவர் அங்கே பாடம் எடுத்திருந்தார். உச்சிமுரா மேதை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதே உச்சிமுரா டோக்கியோ ஒலிம்பிக்கில் எத்தனை பிரிவில் இறங்கினார் என்று பாடம் எடுத்தவருக்குத் தெரியுமா? ஒன்றே ஒன்று, ஹரிசாண்டல் பார், உயரக் கம்பியில் சுழல்கிற பிரிவு. அதிலும் தகுதிச் சுற்றில் கை நழுவிக் கீழே விழுந்தார். யாராவது அவரை அரைகுறை என்றார்களா? கிரீஸின் பெட்ரூனியாஸ் வாங்கிய ஒலிம்பிக் பதக்கம் எல்லாமே வளையத்தில் வாங்கியவை: 2016-ல் தங்கம், டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் மறுபடி வெண்கலம். அவரைப் பார்த்தும் சிரிப்பீர்களா? மாட்டீர்கள். ஏனென்றால் கையில் ஒலிம்பிக் பதக்கம் இருக்கிறது. அப்படியானால் உங்கள் பிரச்சினை ஒரே பிரிவு இல்லை, வியட்நாம்.

அடுத்தது, "ஒலிம்பிக்ல ஏன் காணோம்". கேட்க எளிதான கேள்வி. பாரிஸுக்கு வியட்நாம் அனுப்பிய 16 பேரில் ஜிம்னாஸ்ட் ஒருவரும் இல்லை, உண்மைதான். ஆனால் அந்த வாசல் எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். பாரிஸில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு மொத்தம் 96 இடம். அதில் 60 இடம் 12 அணிகளுக்குப் போய்விட்டது. அணியாகத் தகுதி பெறாத நாட்டிலிருந்து வளையம் மட்டும் ஆடுகிற ஒருவருக்கு உலகக் கோப்பைத் தொடர் வழியாக இரண்டு இடம், உலக சாம்பியன்ஷிப் வழியாக ஒரு இடம். மொத்த உலகத்துக்கும் அவ்வளவுதான். கண்டப் போட்டி வழியாகக் கிடைக்கும் இடமோ ஆறு பிரிவும் ஆடுகிறவர்களுக்கு. அது இவருக்குக் கதவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டு நடந்தது 2023 செப்டம்பர் கடைசி வாரம். ஒலிம்பிக் இடம் தருகிற உலக சாம்பியன்ஷிப் ஆண்ட்வெர்ப்பில் செப்டம்பர் 30-ம் தேதி தொடங்கியது. சீனாவில் இறங்கிய கையோடு பெல்ஜியத்தில் போய் வளையம் பிடிக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் கார்லோஸ் யூலோ ஹாங்சோவை விட்டுவிட்டு ஆண்ட்வெர்ப்புக்குப் போனார், பாரிஸ் இடத்தை அங்கேதான் பிடித்தார். கான் ஃபோங் ஹாங்சோவில் நாட்டுக்காக ஆடி, சீனாவின் லான் சிங்யூவுக்கு அடுத்த இடத்தில் வந்தார். வியட்நாம் அங்கே வாங்கிய மொத்த வெள்ளியே ஐந்து. அதில் ஒன்று இந்தப் பையனுடையது.

யூலோ பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாரிஸில் இரண்டு தங்கம் வாங்கிய அதே யூலோவை 2023 மே மாதம் கம்போடியாவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் வளையத்தில் இரண்டாவதாகத் தள்ளியவர் கான் ஃபோங். "வளையம் யூலோவுக்குப் பலமான பிரிவு இல்லையே" என்று உடனே வருவீர்கள். இல்லைதான். அதனால் என்ன? தோற்றவருக்கு மட்டும் காரணம் தேடித் தருகிற இந்தப் பெருந்தன்மை ஜெயித்த பையனிடம் ஏன் இல்லை?

இவர் திடீரென்று முளைத்தவரும் இல்லை. 2011-ல் டோக்கியோவில் ஃபான் தி ஹா தான் என்ற பெண் வால்ட்டில் (ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுகிற பிரிவு) வெண்கலம் வாங்கினார். ஜிம்னாஸ்டிக்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் வியட்நாமின் முதல் பதக்கம் அது. ஃபாம் ஃபுவோக் ஹுங் லண்டன், ரியோ என இரண்டு ஒலிம்பிக் போனார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு லே தான் துங், தின் ஃபுவோங் தான் என இருவர். துங் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வால்ட்டில் வெண்கலம் வாங்கிய போட்டியை நான் மறக்கவே மாட்டேன். தென்கொரியாவின் கிம் ஹான்-சோல் குதித்த சந்தோஷத்தில் முடிந்ததும் நடுவருக்கு வைக்க வேண்டிய வணக்கத்தை வைக்கத் தவறினார். 0.3 கழித்தார்கள். தங்கம் ஹாங்காங்கின் ஷெக் வை ஹுங்குக்குப் போனது. ஒரு வணக்கத்தில் நிறம் மாறுகிற பதக்கத்தை வைத்து ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் எடை போடலாமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

என் அக்கா பள்ளிக்காலத்தில் ட்ரிபிள் ஜம்ப் ஆடினாள். எங்கள் பள்ளி மணல் குழியில் மணலைவிடக் கல்தான் அதிகம். வீட்டிலிருந்து சல்லடை எடுத்துப் போய், விடிவதற்கு முன்னால் சலித்துவிட்டுத்தான் குதிப்பாள். தலைமுடிக்குள் எப்போதும் மணல் இருக்கும், அம்மா சீப்பு வைத்து உதறிக்கொண்டே திட்டுவாள். மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்து, கோப்பையோடு வீட்டு வாசலில் நின்றாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கேட்டது இரண்டே கேள்வி. "ரெண்டாவதா? அப்ப முதல்ல வந்தது யாரு?" அப்புறம், "ஏம்மா, ஓட்டமெல்லாம் வராதா, இந்தக் குதிக்கிறது மட்டும்தானா?"

எவ்வளவு தூரம் குதித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், சென்டிமீட்டர் சுத்தமாக. அடுத்த வருஷம் அவள் பேர் கொடுக்கவில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தார். இன்று வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறாள், டிவியில் தடகளம் ஓடினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தப் பதிவுக்குக் கீழே "கோல்டு யாரு?" என்று ஒருவர் கேட்டிருந்ததைப் படித்ததும் எனக்குப் பெரியப்பா குரல்தான் கேட்டது.

"நகைச்சுவைக்குப் போட்டது, இதுக்குப் போய் இவ்வளவா" என்கிறவர்களுக்கு: பெரியப்பாவும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"நம்ம ஊர்க்காரனா, உனக்கு என்ன வியட்நாம் பாசம்" என்று உள்பெட்டியில் வந்தவருக்கு: ஆசிய விளையாட்டு ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவுக்கு 2010-ல் ஆஷிஷ் குமார் தரைப்பயிற்சியில் வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். அவர் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ரியோவில் 0.15 புள்ளியில் பதக்கத்தைத் தவறவிட்ட தீபா கர்மாகரைக் கொண்டாடினோம், நானும் அழுதேன். தீபா அந்த இறுதிக்குப் போனது வால்ட் என்ற ஒரே பிரிவில்தான். அன்றைக்கு யாரும் "ஒரே ஒரு பிரிவுதானா" என்று கேட்கவில்லை. நம் பெண்ணுக்கு ஒரு நியாயம், வியட்நாம் பையனுக்கு ஒரு நியாயமா?

லான் சிங்யூ நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஜெயிக்கட்டும். நான் தங்கத்துக்கு வழக்குப் போடவில்லை.

படத்தை நீக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அதில் சிரித்த என் நண்பர்கள் ஐந்தாறு பேர் இதைப் படிப்பீர்கள். அந்த ஹாங்சோ இறுதியின் வீடியோ இணையத்தில் இருக்கிறது, ஒரு நிமிடம்தான். பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள், பதில் சொல்கிறேன். பார்க்காமல் வருகிறவர்களுக்கு இனி பதில் சொல்ல மாட்டேன்.