ஸ்டாக்டனைப் பற்றி எழுதுபவர்கள் அந்தப் பீரங்கியைத் தாண்டிப் போகக் கூடாது

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்டாக்டன் என்றதும் எல்லோரும் 1846-47 கலிபோர்னியப் போரைத்தான் எழுதுகிறார்கள். அங்கே ஒரு நகரத்துக்கே அவர் பெயர். எனக்கு அவரை எடைபோட 1844 பிப்ரவரி 28 என்ற ஒரு நாள் போதும்.

அவர் தலைமையேற்ற 'பிரின்ஸ்டன்', அமெரிக்கக் கடற்படையின் முதல் திருகு உந்தி நீராவிப் போர்க்கப்பல். வடிவமைத்தவர் ஸ்வீடன்காரர் ஜான் எரிக்சன். அதில் 12 அங்குலக் குழல் கொண்ட தேனிரும்புப் (காய்ச்சி அடித்து உருவாக்கும் இரும்பு) பீரங்கிகள் இரண்டு. எரிக்சனுடைய 'ஓரிகன்' சோதனையில் விரிசல் விட்டது. உடனே மருந்து வெடிக்கும் அடிப்பகுதியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பூண்களை ஏற்றினார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் அதே வித்தைதான்: ஆறும்போது பூண் சுருங்கி, குழலை உள்நோக்கி இறுக்கும். மருந்து வெடிக்கும் வேகம் முதலில் அந்த இறுக்கத்தை வெல்ல வேண்டும். அது ஏறத்தாழ 150 முறை சுடப்பட்டும் தாங்கியது.

ஸ்டாக்டன் தானே நியூயார்க்கில் செய்வித்த 'பீஸ்மேக்கர்' பார்வைக்கு இன்னும் பிரம்மாண்டம். 27,000 பவுண்டுக்கு மேல் எடை. ஆனால் அந்த இறுக்கும் பூண் இல்லை. வெறும் கனத்தை நம்பினார். அவ்வளவு பெரிய இரும்பை நெடுநேரம் உலையில் வைத்தால் அதன் வலு குறையும். சம்மட்டி அடி உள்வரை இறங்காவிட்டால் இரும்புத் துண்டுகளை இணைக்கும் பற்றும் சரியாகப் பிடிக்காது. உடைந்த துண்டுகளைச் சோதித்த பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் என்ற அறிவியல் நிறுவனம் கண்டதும் இதையே. ஐந்தே முறை சுட்டுப் பார்த்துவிட்டுத் தேறியது என்றார்கள். ஒருமுறை தாங்கிய இரும்பு மறுமுறையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. விரிசல் உள்ளே வளர்வது வெளியே தெரியாது.

அந்தப் பிப்ரவரி 28 அன்று போடோமாக் ஆற்றில் சென்ற கப்பலில் ஏறத்தாழ 400 விருந்தினர். மூன்றாம் வெடியில் பீரங்கியின் அடிப்பகுதி பிளந்தது. வெளியுறவு அமைச்சர் அப்ஷர், கடற்படை அமைச்சர் கில்மர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அதிபர் டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார். இறந்தவர்களில் ஒருவர் ஆர்மிஸ்டெட், டைலரின் அடிமைப் பணியாளர். பல பட்டியல்களில் அவர் பெயர் விடுபடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

விசாரணை ஸ்டாக்டனைக் குற்றமற்றவர் என்றது. அவரோ பழியை எரிக்சன் பக்கம் தள்ளினார்; கப்பலுக்கான ஊதியம் அவருக்குப் போகாமலும் தடுத்தார்.

1851இல் நியூஜெர்சியின் செனட்டரானார். தடைசெய்யப்பட்டிருந்த கசையடியைக் கடற்படைக்கு மீண்டும் கொண்டுவரும் கோரிக்கையை 1852இல் எதிர்த்துப் பேசினார். அவர் அரசியல் வாழ்வில் நான் மனதார மதிப்பது இதைத்தான். மாலுமியின் முதுகுக்காக அப்படி வாதாடியவர் எரிக்சனின் கூலிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நீதிமன்றமே பிற்பாடு எரிக்சன் பக்கம் நின்றது. அப்போதும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை.